அமாவாசை ரிலீஸ்

கண்ணு,

இருபத்துநான்கு யூனிட்டில் இரண்டுக்கு மட்டும் டிக் வரவில்லை. அன்று காலை ஆபீஸுக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்த்தது அதைத்தான். சுவரில் மாட்டியிருக்கும் பெரிய திரையில் யூனிட்டுகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் பச்சை டிக். கடைசி இரண்டு பெயர்களுக்கு எதிரில் மட்டும் ஒன்றும் இல்லை, வெறும் வெள்ளை. திரையின் மேலே "ரிலீஸ் முடிந்தது" என்று பெரிய எழுத்தில் வந்திருந்ததால் யாரும் கீழே பார்க்கவில்லை. எனக்கு எதையும் கீழிருந்து மேலே படிக்கிற பழக்கம். இரண்டு வருடமாகச் செக்கிங் வேலை பார்த்ததில் தப்பு பெரும்பாலும் கடைசி வரியில்தான் இருக்கும் என்று தெரிந்துவைத்திருக்கிறேன். அந்த இரண்டுக்கும் ஏன் டிக் வரவில்லை என்பது அந்த ஆபீஸில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். நான் யாரிடமும் சொல்லாமல் போய் என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.

நீ இதைப் படிக்கும்போது உனக்கு என்னைவிட வயது கூடியிருக்கும். எனக்கு இப்போது பத்தொன்பது. நீ என் வயிற்றில் ஏழாவது மாதம். மகனா மகளா என்று தெரியாது. பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் நிறைய வாழ்ந்து பார்த்துவிட்டு எழுதுவார்கள். என்னிடம் அது இல்லை. உனக்குப் புத்தி சொல்லும் வயது எனக்கு வரும்போது எழுதிக்கொள்ளலாமே என்று உன் அப்பாகூடச் சொன்னார். ஆனால் நான் ஒரு தப்பு செய்தேன். நாலு வருடம் போனால் அதை எனக்குச் சாதகமாகக் கொஞ்சம் மாற்றிக்கொள்வேன். பத்து வருடம் போனால் அது நடக்கவே இல்லை என்றுகூட நினைத்துக்கொள்வேன். அடுத்த வாரம் வேலையிலிருந்து நின்று பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குக் கல்லாவி போகிறேன். அதற்கு முன்னால், எல்லாம் புதிதாக இருக்கும்போதே, செக்கிங் நோட்டின் பின்பக்கத் தாள்களில் இதை எழுதுகிறேன். நீயும் ஒரு நாள் எங்காவது வேலைக்குப் போவாய். போவதற்கு முன்னால் இதை ஒரு முறை படி.

நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவள். பாஸ் செய்துவிட்டுத்தான் நின்றேன். அந்த வருடம் அம்மாவுக்கு ஆபரேஷன், அதைத்தான் எல்லோரிடமும் காரணமாகச் சொல்வோம். அது பாதி உண்மை. மீதிப் பாதி, எனக்கு வகுப்பில் எழுந்து நின்று பேச வராது. பதினொன்றாம் வகுப்புக்கு ஊத்தங்கரை போக வேண்டும், அங்கே தெரியாத டீச்சர்கள், தெரியாத பிள்ளைகள். நின்றுவிடுகிறேன் என்றதும் வீட்டில் யாரும் வற்புறுத்தவில்லை. பதினேழு வயதில் அத்தை ஒருத்தி ஓசூருக்குக் கூட்டிவந்து இந்த ஆபீஸில் டைப் அடிக்கவும் செக்கிங் பார்க்கவும் சேர்த்துவிட்டாள். பேட்டரி கடைக்கு மேல் மாடியில் ஆறு பேர் வேலை செய்கிற சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி. பதினெட்டு முடிந்ததும் உன் அப்பாவோடு கல்யாணம். அவர் இரும்புப் பாகங்களுக்கு முலாம் போடுகிற பிளேட்டிங் யூனிட்டில் ஷிப்டு வேலை. அதன் பிறகும் ஆபீஸுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன். அங்கே வாயைத் திறக்காமல் நாள் முழுக்க வேலை செய்யலாம், அது எனக்குப் பிடித்திருந்தது.

எங்கள் சாஃப்ட்வேர் என்ன செய்யும் என்று சொல்கிறேன். ஓசூரைச் சுற்றிச் சின்னச் சின்ன யூனிட்டுகளில் வண்டிகளுக்கான பாகங்களைக் கடைந்து, துளை போட்டு, பெட்டியில் அடுக்குகிறார்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு ஸ்டிக்கர், ஒவ்வொரு லோடுக்கும் ஒரு கேட் பாஸ். இரண்டையும் அச்சடிப்பது எங்கள் சாஃப்ட்வேர். பெட்டி போய்ச் சேரும் இடத்தில் ஸ்டிக்கரை ஸ்கேனரால் படித்து உள்ளே எடுப்பதும் அதேதான். பார்டருக்கு அந்தப் பக்கம், கர்நாடகாவில், அத்திப்பள்ளியில் ஒரே காம்பவுண்டில் இரண்டு யூனிட்டுகள் இருக்கின்றன. இங்கிருந்து போகும் பெட்டிகளைப் பிரித்துப் பாகங்களைச் சேர்த்துப் பெரிய கம்பெனிகளுக்கு அனுப்புவது அவர்கள் வேலை. சாஃப்ட்வேரில் ஏதாவது மாற்றிப் புதிதாக எல்லா யூனிட்டுக்கும் கொண்டுபோய்ப் போடுவதைத்தான் ரிலீஸ் என்கிறோம்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு ரிலீஸ் முடிய ஒன்பது பத்து நாளாகும். முதலில் நான் இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகத் திறந்து, பொய்யான லோடு போட்டு, பொய்யான கேட் பாஸ் அடித்துப் பார்ப்பேன். அதன்பின் முனியப்பண்ணா அதைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு ஆபீஸ் பைக்கில் யூனிட் யூனிட்டாகப் போவார். அவர் நாற்பது தாண்டியவர், ஊர் பாகலூருக்கு அந்தப் பக்கம். வீட்டில் தெலுங்கு, யூனிட்டில் கன்னடம், எங்களிடம் தமிழ். அவர் போகிற இடமெல்லாம் ஒவ்வொரு மாதிரி. ஒரு யூனிட்டில் பிரிண்டர் பழசு, ஸ்டிக்கரின் ஓரத்தை வெட்டிவிடும். இன்னொன்றில் கம்ப்யூட்டரில் தேதி முன்பின்னாக இருக்கும், மூன்றாம் தேதி நாலாம் மாதம் என்பதை நாலாம் தேதி மூன்றாம் மாதம் என்று எடுத்துக்கொள்ளும். வேறொன்றில் கட்டிங் ஆயில் படிந்து எந்தப் பட்டனில் எந்த எழுத்து என்றே தெரியாது. ஷிப்டு மாறுகிற கால் மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும், இல்லையென்றால் லோடு நின்றுவிடும். போட்ட பிறகு ஏதாவது தப்பு என்றால் திரும்பவும் முதல் யூனிட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதற்குள் பாதி யூனிட்டில் புதுசு, பாதியில் பழசு. எந்த யூனிட் எதில் இருக்கிறது என்று முனியப்பண்ணாவைக் கேட்டால்தான் தெரியும்.

இதையெல்லாம் மாற்றத்தான் போன வருடம் கௌதம் சார் வந்தார். சேலத்துக்காரர், பெங்களூரில் பெரிய கம்பெனியில் இருந்தவர். எங்கள் முதலாளி அவரை, "இந்த அலைச்சலுக்கு ஒரு முடிவு கட்டுப்பா" என்று சொல்லிக் கூட்டிவந்தார். கௌதம் சார் மூன்று வாரம் என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நான் செய்வதைப் பார்த்தார்.

"இந்த எடத்துல எதுக்கு ரெண்டு தடவ அழுத்தறீங்க?"

"ஒரு தடவ அழுத்துனா நல்லாதாங்க சார் இருக்கும். அவசரத்துல ரெண்டு தடவ அழுத்துவாங்க. அப்ப ரெண்டு கேட் பாஸ் வந்துடும்."

"இதை யார் உங்களுக்குச் சொன்னா?"

"ஒரு லோடுக்கு ரெண்டு பாஸ் வந்து, எங்க வீட்டுக்காரர் யூனிட்ல அடிதடி ஆயிடுச்சுங்க."

அவர் சிரித்துவிட்டு அதையும் குறித்துக்கொண்டார். இப்படி என் நோட்டில் இருந்த அத்தனையையும் கேட்டு எழுதி, கம்ப்யூட்டரே செய்கிற மாதிரி ஆக்கிவிட்டார். முதல் தடவை ஓடவிட்டபோது திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்து, நான் திறக்கிற அதே வரிசையில் பக்கங்களைத் திறந்தது. இரண்டு தடவை அழுத்த வேண்டிய இடத்தில் இரண்டு தடவை அழுத்தியது. எனக்கு இரண்டு நாள் எடுத்தது அதற்கு நாலு நிமிடம். உனக்கு உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு வருத்தமாக இல்லை. மணிக்கட்டு வலி நின்றது. அது மட்டுமில்லை, ஒரு வருடமாக நான் விட்டுக்கொண்டிருந்த ஒரு தப்பையும் அது முதல் வாரத்திலேயே பிடித்தது. சனிக்கிழமை சாயங்காலம் எனக்குக் கண் சொருகும், அதற்குச் சொருகாது. ஆனால் சொன்ன இடத்தை மட்டும்தான் பார்க்கும். நான் சொல்ல மறந்த இடம் அதற்கு இல்லாத இடம்.

அடுத்து யூனிட்டுகளுக்குக் கொண்டுபோகிற வேலை. அதையும் நெட் வழியாகத் தானாகவே போகிற மாதிரி கௌதம் சார் செய்தார். காலை ஆறு மணி ஷிப்டு மாறும்போது எல்லா யூனிட்டிலும் ஒரே நேரத்தில் புதுசு ஏறிவிடும். யாரும் போக வேண்டாம், கேட்க வேண்டாம். அதற்காக முனியப்பண்ணாவிடம், நீங்கள் என்னென்ன செய்வீர்கள் என்று வரிசையாக எழுதித் தாருங்கள் என்றார்.

"என்னாத்த எழுதறது சார்? போறன், போடறன், ஒரு ஸ்டிக்கர் அடிச்சுப் பாக்கறன், கையெழுத்து வாங்கறன், வர்றன்."

"அவ்ளோதானா?"

"நடுவுல டீ குடிப்பன். அதையும் எழுதணுமா?"

எல்லோரும் சிரித்தோம். கௌதம் சார் அந்த ஐந்தையும் எழுதிக்கொண்டார். முதலாளி முனியப்பண்ணாவிடம், அடுத்த மாதத்திலிருந்து வாரத்துக்கு இரண்டு நாள் வந்தால் போதும் என்று சொல்லியிருந்தார். அவர் பைக் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அந்த ஐந்தில் வராத ஒன்று இருந்தது. எங்கள் முதலாளி எந்த ரிலீஸையும் அமாவாசையில்தான் ஆரம்பிப்பார். நிறைந்த நாள் என்பார். நம் பக்கத்தில் அது சரிதான். அந்தப் பக்கம் கன்னடக்காரர்களுக்கு அமாவாசை ஆகாத நாள். புதிதாக எதையும் தொடங்க மாட்டார்கள். மறுநாள் பிரதமையும் வேண்டாம், மூன்றாம் நாள்தான். முனியப்பண்ணா வீட்டிலும் அப்படித்தான். அதனால் அவர் ஒவ்வொரு தடவையும் அமாவாசைக்கு ஓசூர் யூனிட்டுகளில் ஆரம்பித்து, அத்திப்பள்ளி இரண்டையும் கடைசியில் வைத்துக்கொள்வார். முதலாளியின் நாளும் கெடாது, அவர்கள் நாளும் கெடாது. இதை ஒரு காரணமாக அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய விஷயமாகவே அவருக்குத் தோன்றியிருக்காது. இருட்டில் லைட் போடுகிற மாதிரி ஒரு காரியம் அது.

இந்த முறை ரிலீஸில் ஸ்டிக்கரே மாறியது. கோடு கோடாக இருந்ததற்குப் பதிலாகச் சின்னக் கட்டம். அதைப் படிக்கிற ஸ்கேனர்களை முன்பே எல்லா யூனிட்டுக்கும் கொடுத்தாகிவிட்டது. ஆனால் சாஃப்ட்வேர் பழையதாக இருந்தால் அந்தக் கட்டத்தை அதற்குப் புரியாது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஏறப்போகிறது, அதனால் பிரச்சினை இல்லை என்று கௌதம் சார் சொன்னார். அமாவாசை காலை ஆறு மணிக்கு ஏறும் என்று எல்லா யூனிட்டுக்கும் தகவல் போனது. அவர் சொன்னது சரிதான்.

அமாவாசைக்கு முந்தின நாள் அத்திப்பள்ளியிலிருந்து ரத்னம்மா போன் செய்தாள். அந்த யூனிட்டில் ஸ்டோர் பார்க்கிறவள். எப்போதும் முனியப்பண்ணாவிடம்தான் பேசுவாள். அன்று அவர் வெளியே போயிருந்தார், போனை எடுக்கவில்லை, அதனால் என் மேஜையில் இருக்கிற ஆபீஸ் போனுக்கு அடித்தாள். "அமாவாஸ்யெ தின பேடம்மா" என்றாள். அமாவாசை அன்று வேண்டாம், மூன்றாம் நாள் போடச் சொல்லு, உங்கள் சாரிடம் சொல்லிவிடு என்று அவள் கன்னடத்தில் சொன்னது, முனியப்பண்ணா பேசுவதை இரண்டு வருடமாகக் கேட்டதில், எனக்குப் புரிந்தது. சரி அக்கா என்றேன். எழுந்து போய்க் கௌதம் சார் மேஜைக்குப் பக்கத்தில் நின்றேன். அவர் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் நின்றேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. முதலாளி அறைக் கதவு சாத்தியிருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் சொல்லலாம் என்று நினைத்தேன். அந்த அப்புறம் வரவே இல்லை.

சாயங்காலம் ரத்னம்மா மறுபடி போன் செய்தாள், முனியப்பண்ணா இன்னும் திரும்பியிருக்கவில்லை. "ஹேளிதியா?" என்றாள், சொன்னாயா என்று. இல்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. சொன்னேன் என்று பொய் சொல்லவும் பயம். நாளை காலை தானாக ஏறிவிடும் அக்கா, நிறுத்த முடியாது என்று எனக்குத் தெரிந்த கன்னடத்தில் சொன்னேன். அவள் விடவில்லை, எங்கள் ஓனர் கத்துவார் என்றாள். போனை வைத்தால் போதும் என்று இருந்தது எனக்கு. "நெட் ஒயரை எடுத்து வெச்சிடுங்கக்கா, அப்ப வராது" என்று தமிழும் கன்னடமும் கலந்து சொல்லிவிட்டேன். அவளுக்குச் சந்தோஷம். பக்கத்து யூனிட்டுக்கும் சொல்லிவிடுகிறேன் என்று வைத்தாள்.

மறுநாள் டிக் வராத அந்த இரண்டும் இவைதான். இப்போது நான் முதலில் எழுதியது உனக்குப் புரியும்.

அந்தக் காலையில் முதலாளி வாசலில் பூசணிக்காய் உடைத்தார். ஸ்வீட் வந்தது. கௌதம் சார் என்னிடம், "நம்ம ரிலீஸ் முடிஞ்சிருச்சு. உங்க ரிலீஸ் எப்போ?" என்று உன்னை வைத்து ஜோக் அடித்தார். முனியப்பண்ணா ஒரு ஜாங்கிரியை எடுத்துக்கொண்டு, "என்னுது முடிஞ்சிபோச்சு பாப்பா" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். மணி பத்துகூட ஆகவில்லை, லோடுகள் இன்னும் கிளம்பவில்லை. ஓசூர் யூனிட்டுகளுக்கு ஒரு போன் போட்டிருந்தால் அந்த இரண்டு இடத்துக்கும் போகிற வண்டிகளை நிறுத்தியிருக்கலாம். நான் ஸ்வீட்டைத் தின்றுவிட்டுக் கையைக் கழுவப் போனேன்.

மத்தியானத்துக்குள் மூன்று வண்டிகள் அத்திப்பள்ளி கேட்டில் நின்றுவிட்டன. ஸ்கேனர் கட்டத்தைப் படிக்கவில்லை. கையால் எண்ணை அடித்து ஏற்றலாம் என்றால், புது ஸ்டிக்கரில் கட்டத்துக்குக் கீழே எண்ணே அச்சாகவில்லை. அது நான் செக்கிங்கில் விட்டது. அவர்களுடைய அசெம்பிளி லைன் பாகம் இல்லாமல் நின்றது. நெட் ஒயரைப் பிடுங்கியிருப்பது அப்போதுதான் தெரிந்தது, இன்றைக்குத் திரும்பச் சொருக மாட்டோம் என்றுவிட்டார்கள். கௌதம் சார் பத்தே நிமிடத்தில் ஓசூர் யூனிட்டுகள் எல்லாவற்றையும் பழசுக்குத் திருப்பிவிட்டார். முன்பென்றால் அதற்கும் ஒன்பது நாளாகியிருக்கும், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அதற்குள் அடித்த ஸ்டிக்கர் அடித்ததுதான். மூன்று லோடும் திரும்பி வந்தன, பெட்டிக்குப் பெட்டி வேறு ஸ்டிக்கர் ஒட்ட.

முதலாளி அத்திப்பள்ளி ஓனருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். ஏன் ஒயரைப் பிடுங்கினீர்கள் என்று கேட்டதற்கு அவர், "நிம்ம ஆபீஸ்னவரே ஹேளித்ரு" என்றார். உங்கள் ஆபீஸ் ஆட்கள்தான் சொன்னார்கள் என்று. யார் என்று கேட்டால் அவருக்குத் தெரியவில்லை. ரத்னம்மா அன்று லீவு. முதலாளி போனை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

"நம்ம ஆபீஸ்ல கன்னடத்துல பேசறது யாரு?"

எல்லோரும் முனியப்பண்ணாவைப் பார்த்தார்கள். நானும் அவரைத்தான் பார்த்தேன், கண்ணு. எல்லோரும் பார்க்கும்போது நான் மட்டும் வேறெங்காவது பார்த்தால் தெரிந்துவிடும் என்று நினைத்துப் பார்த்தேன். அதை எழுத இப்போதும் கை கூசுகிறது.

"நா சொல்லலிங்க சார்."

"பின்ன யாரு சொன்னது, பேட்டரி கடைக்காரனா? ரெண்டு நாள் வந்தா போதும்னு சொன்னதுலருந்தே உன் மூஞ்சி சரியில்ல."

"ஒயரப் புடுங்கறதுன்னா நா எதுக்கு சார் அவங்ககிட்ட சொல்லிட்டு இருக்கறன்? நானே போயி புடுங்கியிருப்பனே. பதினொரு வருசமா ஒயரு சொருவுனவன் நானு."

"எகத்தாளம் வேற."

முனியப்பண்ணா பைக் சாவியை மேஜைமேல் வைத்தார். போனைத் திறந்து ஆபீஸ் சிம்மை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு மாடிப்படி இறங்கிப் போனார். அவர் தெருவில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்து போவது என் ஜன்னலில் தெரிந்தது.

உன் அப்பாவிடம் மறுநாள் காலையில் சொன்னேன். அவர் ஷிப்டு முடிந்து வந்து குளித்துவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முழுக்கக் கேட்டுவிட்டு, "விடு. எப்படியும் இந்த மாசத்தோட நீ நிக்கத்தான போற. இப்ப போயி எதுக்கு வாயக் கொடுத்து கெட்ட பேரு வாங்கற. அவரு அனுபவஸ்தரு, வேற எங்கயாவது சேந்துக்குவாரு" என்றார். அவர் கெட்டவர் இல்லை, என் மேல் உள்ள அக்கறையில் சொன்னார். ஆனால் எனக்கு அது திருப்பிப் போட்ட மாதிரி கேட்டது. நான் எப்படியும் நிற்கப்போகிறவள். எனக்குப் போவதற்கு என்ன இருக்கிறது? முனியப்பண்ணாவுக்கு இரண்டு பெண் பிள்ளைகள், பெரியவள் நர்சிங் படிக்கிறாள். வாரத்துக்கு இரண்டு நாளாவது இருந்த வேலை இப்போது அதுவும் இல்லை. அதைவிட, யூனிட் யூனிட்டாக எல்லோருக்கும் தெரிந்த மனிதர். லைனை நிறுத்தியவன் என்று பேர் வந்தால் அந்த ரோட்டில் எந்தக் கேட்டிலும் அவரை உள்ளே விட மாட்டார்கள். இதை உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "அப்ப நீயே யோசிச்சுக்க" என்றார்.

ஆபீஸுக்குப் போனதும் கௌதம் சார் ஒரு தாளைக் கொடுத்தார். நேற்று நடந்ததற்கு எல்லா யூனிட்டுக்கும் ஒரு விளக்கம் அனுப்ப வேண்டும், தமிழில் வேகமாக அடிப்பது நான்தான் என்பதால் என்னிடம் வந்தது. என்ன நடந்தது, என்ன காரணம், இனி எப்படித் தடுப்போம் என்று மூன்று தலைப்புகள். காரணம் என்ற தலைப்பின் கீழ், எங்கள் ஊழியர் ஒருவர் கொடுத்த தவறான தகவல், அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார் என்று இருந்தது. நான் அதை அடித்தேன். "நீக்கப்பட்டார்" வரைக்கும் அடித்தேன். அடித்ததைக் கீழிருந்து மேலே ஒரு தடவை படித்தேன். பிறகு அந்த வரியை அழித்துவிட்டு வேறு எழுதினேன். அமாவாசையில் புதிது தொடங்காத யூனிட்டுகள் இரண்டு இருப்பது எங்கள் பட்டியலில் இல்லை. முனியப்பனுக்கு அது தெரியும், அவரிடம் அதை யாரும் கேட்கவில்லை. வேண்டாம் என்று யூனிட்டிலிருந்து போன் வந்தும் செக்கிங் பார்க்கிற பெண் அதை யாரிடமும் சொல்லவில்லை. ஒயரை எடுக்கச் சொன்னதும் அவள்தான். இவ்வளவையும் எழுதி, அடியில் என் பேரைப் போட்டேன். அச்சடித்து எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போனேன். கௌதம் சாரும் அங்கே இருந்தார்.

"என்னாம்மா இது?"

தாளை நீட்டினேன். அவர் படித்தார். மறுபடியும் படித்தார்.

"நீயா? அந்தப் பொம்பளகிட்ட நீ கன்னடத்துல பேசினியா? எங்கிட்ட தமிழ்லயே பேச மாட்டியே!"

"ரெண்டு வார்த்ததாங்க சார்."

"ரெண்டு வார்த்தைக்கு மூணு லோடா?"

கௌதம் சார் தாளை வாங்கிப் படித்தார். "அமாவாசை விஷயத்த அன்னைக்கு நான் பக்கத்துல உக்காந்து கேட்டப்பவே ஏன் சொல்லல?" என்றார்.

"நீங்க செக்கிங் மட்டும்தாங்க சார் கேட்டீங்க."

அந்தப் பதில் எனக்கே சரியாகப் படவில்லை. அவர் கேட்கவில்லை என்பது உண்மை. அவர் மேஜைக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்தவள் நான் என்பதும் உண்மை. அதனால் அதையும் சொன்னேன். முழுதாகச் சொல்லி முடித்தேன். நீ எந்த வேலைக்குப் போனாலும் அங்கே உன்னைவிட வேகமாக வேலை செய்கிற மெஷின்தான் இருக்கும். அதற்குத் தெரியாத ஒன்று உனக்குத் தெரிந்திருந்தால், ஹெட்போன் மாட்டியிருக்கிறவரின் தோளைத் தட்டியாவது சொல்லிவிடு. எனக்குத் தெரிந்த புத்தி இந்த ஒன்றுதான்.

கௌதம் சார் தாளை மேஜைமேல் வைத்தார். "தானா ஏறக் கூடாது. யூனிட்ல ஒருத்தர் சரின்னு அழுத்துனாதான் ஏறணும். அதுவரைக்கும் அவங்களுக்குப் போற லோடுக்குப் பழைய ஸ்டிக்கரே வரணும். அப்படி மாத்திடலாம்" என்று முதலாளியிடம் சொன்னார். "ஆனா ஒவ்வொரு யூனிட்லயும் இந்த மாதிரி இன்னும் என்னென்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது சார். அது தெரிஞ்ச ஆள் அவர் ஒருத்தர்தான்."

முதலாளி நாற்காலியில் சாய்ந்தார். கொஞ்சம் வெட்கப்பட்ட மாதிரி இருந்தது அவர் முகம். "அவனுக்குப் போன் போடும்மா" என்றார்.

"சிம் இங்கதாங்க சார் இருக்குது."

சிம்மும் சாவியும் நேற்று வைத்த இடத்திலேயே இருந்தன. அவருடைய வேறு நம்பர் யாரிடமும் இல்லை. பதினொரு வருடமாக அந்த ஒரு நம்பரில்தான் எல்லோரும் கூப்பிட்டிருக்கிறோம்.

"நான் போயிட்டு வர்றேன் சார்" என்றார் கௌதம் சார்.

"நான் போறங்க சார்" என்றேன்.

யாரும் கேட்காத ஒரு வேலைக்கு அந்த அறையில் நானாக முன்வந்தது அதுதான் முதல் தடவை. முதலாளி என் வயிற்றைப் பார்த்தார். "இந்த நெலமைல பஸ்லயா?"

"உக்காந்துதாங்க சார் போவப்போறன்."

சாவியையும் சிம்மையும் ஒரு கவரில் போட்டுக்கொண்டு பாகலூர் பஸ் ஏறினேன். இறங்கி இரண்டு இடத்தில் வழி கேட்டேன். வழி கேட்பதுகூட எனக்குப் புதிது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பச்சைக் கதவு வீடு என்றார்கள். கதவு பாதி திறந்திருந்தது, அவர் செருப்பு வெளியே கிடந்தது. உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. எழுதிய தாள் எதையும் நான் எடுத்துப்போகவில்லை, அவரிடம் வாயால்தான் சொல்ல வேண்டும். கதவுக்கு வெளியே நின்று, முனியப்பண்ணா என்று உள்ளே கேட்கிற மாதிரி கூப்பிட்டேன்.